மன்னிக்கும் உரிமை

பெரிய புராணத்தைப் பக்தி நூலாகப் படிக்கிறவர்கள் பலர். அதைப் பாடியவர் சோழ ராஜ்யத்தில் மந்திரியாக இருந்தவர், ராஜாங்க காரியங்களின் நெளிவுசுளிவுகளை அறிந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் சிலரே. அப்படிப் படித்தால், அந்த நூலில் இரண்டு அரசர்கள் ஒருவருக்கொருவர் நேர் எதிராக நடந்துகொள்வதும், சேக்கிழார் இருவரையுமே கைகூப்பித் தொழுவதும் கண்ணில் படும்.

முதலாமவர் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். போர்க்களத்தில் அவரிடம் பலமுறை தோற்றோடிய முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தரித்துச் சிவனடியார் வேஷத்தில் பள்ளியறை வரையில் வந்து, ஆகமம் உபதேசிப்பதாகச் சொல்லி, புத்தகப் பையில் மறைத்து வைத்திருந்த கத்தியால் அவரைக் குத்தினான். மெய்க்காவலனான தத்தன் வாளை ஓங்கிய கணத்தில், குற்றுயிராய்ச் சாய்ந்துகொண்டிருந்த அரசர் அவனைத் தடுத்து, குத்தியவனுக்கு யாரும் தீங்கு செய்யாதபடி ஊர் எல்லை கடத்திவிட்டு வருமாறு பணித்தார். தத்தன் திரும்பி வந்து, அவ்வாறே செய்தேன் என்று சொல்லக் கேட்ட பிறகே உயிர் துறந்தார். இரண்டாமவர் திருவாரூரில் இருந்த மனுநீதிச் சோழர். அவருடைய மகன் ஊர்ந்த தேரின் சக்கரத்தில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைத்தது. மந்திரிகள், வேதம் வல்லோர் விதிக்கும் பிராயச்சித்தத்தைச் செய்து காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனுக்கு மரணம், என் மகன் கொன்றால் அவனுக்குப் பிராயச்சித்தமா என்று கேட்டு, அரசர் அந்த யோசனையைத் தள்ளிவிட்டு, மகனை வீதியில் கிடத்தித் தாமே அவன்மீது தேரைச் செலுத்தினார்.

இவ்விருவரில் தர்மத்தைக் காத்தவர் யார்? ஒருவர் தம்மைக் கொன்றவனை விட்டுவிட்டார். மற்றவர் தம் ஒரே மகனைக் கூட விடவில்லை. மெய்ப்பொருளார் போற்றியது முத்தநாதனை அன்று, அவன் அணிந்திருந்த திருவேடத்தை என்று சைவர்கள் சொல்லுவார்கள், அது உண்மையே. ஆனாலும் கொலையுண்டவர் கொலைஞனைத் தண்டனையிலிருந்து விடுவித்தார் என்பதும் மறுக்க முடியாத உண்மைதான்.

சேக்கிழார் இந்த இரண்டு கதைகளையும் எங்கே வைத்தார் என்று பார்த்தால், ஒரு விடை கிடைக்கிறதாக எனக்குத் தோன்றுகிறது. மெய்ப்பொருளார் அறுபத்து மூவரில் ஒருவர். அவர் சரித்திரம் ஒரு பக்தருடைய தனிச் சரித்திரம். மனுநீதிச் சோழரோ அறுபத்து மூவரில் சேர்ந்தவர் அல்லர்; அவர் கதை திருநகரச் சிறப்பில், திருவாரூர் எத்தகைய ஊர் என்று வருணிக்கும் இடத்தில் வருகிறது. பொறுத்தல் மனிதனுடைய குணம், தண்டித்தல் நகரத்தினுடைய கடமை என்று மந்திரி பிரித்து வைத்தார் போலும். திருவள்ளுவரும் பொறையுடைமையை இல்லறத்தானுக்கு உரிய அதிகாரங்களில் வைத்து, கொடியவர்களை ஒறுப்பதைச் செங்கோன்மை என்ற பெயரில் பொருட்பாலுக்குக் கொண்டுபோய் அரசன் கையில் கொடுத்தார்.

அப்படியானால் பிரஜைக்கு எவ்வளவு மன்னிக்க உரிமை உண்டு, எவ்வளவு இல்லை என்ற கேள்வி எழுகிறது. இது வேதாந்திகள் மட்டும் விசாரிக்க வேண்டிய கேள்வி அன்று; அடிபட்டவன் ஒருவன் போலீஸ் ஸ்டேஷன் வாயிலில் நின்று, பிராது கொடுப்பதா, பேசித் தீர்த்துக்கொள்வதா என்று தயங்கும் ஒவ்வொரு நாளும் எழுகிற கேள்வி.

நம்முடைய கிரிமினல் சட்டம் இதற்கு ஒரு பட்டியலையே விடையாகத் தந்திருக்கிறது. 1898-ஆம் வருஷத்துக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 345-ஆம் பிரிவாகவும், 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 320-ஆம் பிரிவாகவும் இருந்து, 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 359-ஆம் பிரிவாக நிற்கும் அந்தப் பட்டியலில், எந்தெந்தக் குற்றங்களில் இரு தரப்பாரும் ராஜியாகலாம், அப்படி ராஜியாகும் உரிமை யாருக்கு உண்டு என்பது விவரமாக எழுதப்பட்டிருக்கிறது. சாதாரணக் காயம், வழிமறித்தல், அத்துமீறி நுழைதல், மிரட்டல், தனி மனிதனைப் பற்றிய அவதூறு முதலியவற்றில் பாதிக்கப்பட்டவன் மனம் வைத்தால் போதும். கொடுங்காயம், பெரிய மோசடி, முதல் மனைவி இருக்க இன்னொருத்தியை மணப்பது போன்றவற்றில் அவன் அல்லது அவள் மன்னித்தால் மட்டும் போதாது. கோர்ட்டின் அனுமதியும் வேண்டும். கொலை, கற்பழிப்பு, கொள்ளை ஆகியவை அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாத குற்றத்தில் ராஜியாக முடியாது என்று அந்தப் பிரிவே முடிவாகச் சொல்லிவிடுகிறது. பணத்தையோ பரிசையோ பெற்றுக்கொண்டு அத்தகைய குற்றத்தை மறைப்பது தனியாக ஒரு குற்றமும் ஆகும். இதில் தத்துவ விசாரம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு: முறைப்படி ராஜியான வழக்கில் எதிரி விடுதலை பெற்றவனாகவே கருதப்படுகிறான். தண்டனை குறைவதில்லை, குற்றமே இல்லாமற் போகிறது. மனிதன் கொடுக்கும் மன்னிப்புக்கு இவ்வளவு சக்தியை அளித்த சட்டத்தை இதயமற்றது என்று சொல்வதற்கில்லை.

இந்தப் பட்டியல் எந்த நியாயத்தின்மேல் நிற்கிறது என்பதற்கு ஓர் உதாரணமாக, ஜோஹன்னஸ்பர்க் நகரத்தில் 1908 பிப்ரவரி 10-ஆம் தேதி நடந்ததைக் காட்டலாம். டிரான்ஸ்வால் அரசாங்கத்தோடு ஏற்பட்ட சமாதானத்தின்படி தாமாகவே பெயரைப் பதிவு செய்துகொள்வதற்காக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த காந்தியடிகளை, அந்தச் சமாதானத்தைத் துரோகம் என்று கருதிய மீர் ஆலம் என்ற பட்டாணியரும் அவருடைய தோழர்களும் தெருவில் தடியால் அடித்து வீழ்த்தினார்கள். நினைவு திரும்பியதும் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அவர்களைத் தாம் குற்றவாளிகளாகக் கருதவில்லை, வழக்குத் தொடர வேண்டாம் என்று அட்டர்னி ஜெனரலுக்குத் தந்தி கொடுத்தது. மீர் ஆலம் விடுதலையானார். ஆனால் அந்த ஊர் ஐரோப்பியர்கள் ஆட்சேபித்தார்கள்: குற்றவாளிகளைத் தண்டிப்பது பற்றிக் காந்தியின் சொந்த அபிப்பிராயம் எதுவாயினும் இருக்கட்டும், அடித்தது வீட்டுக்குள் அல்ல, ராஜவீதியில், ஆகவே இது பொதுஜனங்களுக்கு எதிரான குற்றம் என்றார்கள். மீர் ஆலம் மறுபடியும் கைதாகி மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார்; காந்தியடிகளைச் சாட்சிக்குக் கூட அழைக்கவில்லை.

அந்த ஐரோப்பியர்களுடைய நோக்கத்தில் சுத்தம் இருந்ததா என்று சந்தேகிக்க இடம் உண்டு. இந்தியன் ஒருவன் அடிபட்டதற்காக அவர்கள் அதற்குமுன் அவ்வளவு உருகியதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன நியாயத்தில் பழுது காண்பது கடினம். காந்தியடிகளின் உடம்பில் பட்ட அடி காந்தியடிகளுடையது. அதை அவர் பொறுக்கலாம். தெருவில் நடப்பவன் அடிபடாமல் நடக்கலாம் என்ற நம்பிக்கையின்மேல் பட்ட அடியோ அந்த ஊரில் நடமாடிய ஒவ்வொருவருடையதுமாகும். அதைப் பொறுக்க அவர் ஒருவருக்கு மட்டும் அதிகாரம் ஏது? விசேஷம் என்னவென்றால், தண்டனை மன்னிப்புக்குத் தடையாக இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி ஹமீதியா மசூதி மைதானத்தில் பதிவுச் சான்றிதழ்களைத் தீயிலிட்ட கூட்டத்துக்கு மீர் ஆலம் வந்து, தாம் அடித்தது தவறு என்று சொல்லித் தம் சான்றிதழையும் எரிப்பதற்குக் கொடுத்தார். காந்தியடிகள் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார். 1999-இல் ஒரிசாவில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் உயிரோடு எரித்தவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்ன கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரின் விஷயத்திலும் இதையே காண்கிறோம். மன்னிப்பும் நின்றது, வழக்கும் நடந்தது, தண்டனையும் கிடைத்தது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடவில்லை.

கொலையையும் குடும்பத்தாரே மன்னிக்கலாம் என்று விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைப் பாகிஸ்தான் அனுபவித்து அறிந்தது. கொலையுண்டவனின் வாரிசுகள் பழிக்கு ஈடாகப் பொருள் பெற்றோ பெறாமலோ கொலைஞனை விட்டுவிடலாம் என்ற மார்க்க விதிக்கு அங்கே 1990-இல் சட்ட உருவம் கொடுத்தார்கள். இரக்கத்திலிருந்து பிறந்த விதிதான் அது. ஆனால் குடும்ப கௌரவத்தின் பெயரால் அண்ணன் தங்கையைக் கொல்லும்போது, கொன்றவனும் வாரிசு, மன்னிக்கிறவர்களும் அவனைப் பெற்றவர்கள் என்றாகி, கருணையே கொலைக்குக் கதவு திறந்துவிட்டது. 2016-இல் அந்த நாட்டுப் பார்லிமெண்டே அத்தகைய கொலைகளில் குடும்பத்தார் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. சாதி கெட்டுவிடும் என்று பெற்ற மகளைக் கொல்லும் தகப்பன்மார் இருக்கிற நம்முடைய ஜில்லாக்களில், இதை அயலார் கதையாக எண்ணிவிட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது, மன்னிக்கும் உரிமைக்கு மேல் எல்லை ஒன்று உண்டு என்பது. அதற்குக் கீழ் எல்லையும் ஒன்று உண்டு. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான். மெய்ப்பொருளார் மன்னித்த கணத்தில் தத்தனுடைய வாள் ஓங்கியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தாலே போதும், முத்தநாதன் அங்கேயே விழுந்திருப்பான். காந்தியடிகள் பாரிஸ்டர், வழக்குத் தொடுக்கத் தெரியாமல் தந்தி கொடுத்தவர் அல்லர். தண்டிக்கும் வழி தன் முன்னால் திறந்து கிடக்க, அதில் போகமாட்டேன் என்று ஒருவன் சொல்வதுதான் க்ஷமை. வழியே அடைபட்டவன் பேசாமல் இருப்பது க்ஷமை ஆகாது. அதற்கு இயலாமை என்று பெயர்.

நம்மிடையே ராஜி என்ற பெயரால் நடப்பவற்றில் பெரும் பகுதியை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கூலிக்காரன் ஒருவன் மிராசுதாரின் ஆட்களால் அடிபட்டு ஸ்டேஷனுக்குப் போகிறான். பிராதை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வா என்கிறார்கள். மறுநாள் எதிர்த் தரப்பார் நாற்காலியில் அமர்ந்திருக்க, இவன் நின்றுகொண்டே, மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்ற காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்புகிறான். ஊரார் அவனைப் பெருந்தன்மையுள்ளவன் என்றும் புகழ்வார்கள். அவன் எதை மன்னித்தான்? தன்னிடம் இல்லாத ஒன்றை அவன் தானம் செய்ததாகப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கட்டப்பஞ்சாயத்து செய்கிறவர்கள் மனுநீதிச் சோழரின் மந்திரிகள் செய்ததையே செய்கிறார்கள். அந்த மந்திரிகள் சொன்ன பிராயச்சித்தமும் பசுவைக் கேட்டுச் சொன்னதன்று.

ஹைகோர்ட்டு வரையில் கூட இந்த மயக்கம் போயிருக்கிறது. 2015 ஜூன் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு, ஓர் இளம்பெண்ணைக் கெடுத்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவனுக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்கு வழி செய்து ஜாமீன் கொடுத்தது. அடுத்த மாதத்தின் தொடக்கத்திலேயே வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மிகவும் கண்டிப்பாகச் சொல்லிற்று. சென்னையில் பிறந்த அந்த உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. 2012-இல் கியான் சிங் வழக்கிலும் இதே கோட்டைத்தான் சுப்ரீம் கோர்ட்டு கிழித்திருந்தது: குடும்பத் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்ற, இரு தரப்பாருக்குள் அடங்குகிற வழக்குகளை, பட்டியலில் இல்லாத குற்றமாயினும், அவர்கள் மனமொத்தால் ஹைகோர்ட்டு தன் உள்ளார்ந்த அதிகாரத்தினால் ரத்து செய்யலாம், கொலையும் கற்பழிப்பும் கொள்ளையும் போன்றவற்றை, அவர்கள் எவ்வளவுதான் ஒத்துப்போனாலும், ரத்து செய்யலாகாது.

ஆகவே, சட்டப் பரிகாரங்களை அறிந்துகொள்வது பழிவாங்கத் துடிக்கிறவனுக்கு மட்டும் வேண்டிய வித்தை என்று எண்ணுவது தவறு. மன்னிக்க விரும்புகிறவனுக்கு அது அதைவிட அவசியம். ஆராய்ச்சி மணியின் கயிறு இன்று எங்கே தொங்குகிறது என்றாவது அவன் தெரிந்துகொள்ள வேண்டும். போலீசார் வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். புதிய சட்டம், மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனையுள்ள குற்றங்களில் மட்டும், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாளைக்குள் பூர்வாங்க விசாரணை செய்துகொள்ள இடம் கொடுத்திருக்கிறது. மற்றபடி விதி விதிதான். சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பிராது கொடுக்கலாம். அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் தரவேண்டும். பதிவு செய்ய மறுத்தால் போலீஸ் சூப்பரிண்டெண்டுக்கு எழுதலாம். அவரும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து, விசாரிக்கும்படி உத்தரவு பெறலாம். நேரே தனிப் பிராதாகவும் தொடுக்கலாம். விசாரணை எவ்வளவில் இருக்கிறது என்பதை 90 நாளைக்குள் பிராது கொடுத்தவனுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கை முடித்துவிடுகிறோம் என்று போலீசார் கோர்ட்டுக்கு எழுதினால், பிராது கொடுத்தவனைக் கேட்காமல் கோர்ட்டு அதை ஏற்கலாகாது என்று 1985 முதலே தீர்ப்பு உண்டு. சர்க்காரே வழக்கை வாபஸ் வாங்க விரும்பினாலும் பாதிக்கப்பட்டவனுடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்று இப்போதைய சட்டம் சேர்த்திருக்கிறது. பசுவைக் கேட்க வேண்டும் என்ற ஞானம் நமக்கு இவ்வளவு காலதாமதமாகத்தான் வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மன்னிப்பு என்றால் குற்றம் ஒன்று நடந்திருக்க வேண்டும். குற்றமே செய்யாதவன்மேல் பொய் வழக்கு ஜோடிக்கப்படும்போது, அவனுக்கு வேண்டியது மன்னிப்பு அன்று, விசாரணை. ஆனால் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைக் காட்டிலும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எத்தனையோ நிரபராதிகள் தலை குனிந்திருக்கிறார்கள். அப்படிப் பெறும் சமாதானம் இரு பக்கத்திலும் பொய்: ஒருவன் செய்யாததற்கு வருந்துகிறான், மற்றவன் படாததைப் பொறுக்கிறான். இவனுக்கும் வழிகள் உண்டு. கைதானவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பவை அரசியலமைப்பின் 22-ஆம் ஷரத்து கொடுத்த உரிமைகள். ஏழு வருஷம் வரையில் தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், முதலில் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த கட்டளை. முன்ஜாமீன் உண்டு. குறித்த காலத்துக்குள், குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளைக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீனைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. ஆதாரமற்ற வழக்கை முளையிலேயே ரத்து செய்யும்படி ஹைகோர்ட்டை நாடலாம்.

ராஜாங்கத்துக்கும் மன்னிக்கும் அதிகாரம் உண்டு. அரசியலமைப்பின் 72-ஆவது, 161-ஆவது ஷரத்துகள் அதை ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் கொடுத்திருக்கின்றன. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற நளினிக்காகச் சோனியா காந்தியே பரிந்து பேசியதும், 2000-இல் தமிழ்நாட்டுக் கவர்னர் அந்தத் தண்டனையை ஆயுளாகக் குறைத்ததும் எல்லாரும் அறிந்தவை. கணவரை இழந்தவருடைய இரக்கம் அங்கே தீர்ப்பை அழித்துவிடவில்லை. தீர்ப்பின் கூர்மையை மழுக்கியது. பெரும் பாதகங்களில் தனி மனிதனுடைய மன்னிப்புக்கு உரிய இடம் அதுவே என்பது என் அபிப்பிராயம். சின்னக் குற்றங்களிலோ காலமும் மன்னிக்கிறது. ஓராண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தை ஓராண்டுக்குள்ளும், அதற்கு மேல் மூன்றாண்டு வரை தண்டனையுள்ளதை மூன்றாண்டுக்குள்ளும் பிராதாகக் கொண்டுவராவிட்டால், பொதுவாக அதோடு சரி.

பொறுமை பலவீனன் கையில் சிக்கி அவமானப்படாமல் இருக்கவேண்டுமானால், அவனுடைய பலவீனத்தைப் போக்குவதே முதல் காரியம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பாராமலே வக்கீல் உதவி இலவசம். மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பின்படி உண்டு. ஒவ்வொரு ஜில்லாக் கோர்ட்டு வளாகத்திலும் அதற்கு ஆபீஸ் இருக்கிறது; 15100 என்ற எண்ணில் டெலிபோனிலும் கேட்கலாம். ராஜிக் காகிதம் யாராவது உங்கள் முன்னால் நீட்டினால், அந்தக் குற்றம் 359-ஆம் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா, முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்ற இரண்டையும் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு மன்னிக்க மனம் வந்தால், மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் மன்னியுங்கள். ஸ்டேஷன் திண்ணையில் கையெழுத்துப் போடாதீர்கள்.